வளைவின் வெளிப்பக்கம் வேண்டவே வேண்டாம்

தம்பி, மலேசியாவில் கூலாய் பக்கம் உங்கள் செம்பனைத் தோட்டத்தில் கார் ரேலி என்ற வேகப் பந்தயம் வரும்போது வளைவில் நின்று படம் பிடிக்கலாமா, மோதினால் ஓட்டுநர்தானே பொறுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிப்பக்கம் நிற்கவே கூடாது. செம்மண்ணில் டயர் பிடி விட்டால் கார் அங்கேதான் பாயும். ஓரத்துக் கால்வாய் அதை நிறுத்தாது, புரட்டிவிடும். உள்பக்கமும் ஆபத்துதான், வளைவை வெட்டித்தான் ஓட்டுவார்கள். மேடான இடமாகப் பார்த்து, நன்றாகத் தள்ளி, பின்னால் ஓட வழி வைத்துக்கொண்டு நில்லுங்கள்.

அப்புறம் பொறுப்பு. 1986 போர்ச்சுகல் ரேலியில் கூட்டம் சாலையிலேயே நின்றது. ஒரு கார் மக்கள்மேல் பாய்ந்து மூவர் இறந்தார்கள். பெரிய அணிகளின் ஓட்டுநர்கள் மேற்கொண்டு ஓட்ட மறுத்தார்கள். அது சரியான முடிவு. ஆட்களைக் கண்டால் வேகத்தைக் குறைப்பது ஓட்டுநர் கடமை. கூட்டம் அடங்காவிட்டால் பந்தயத்தின் அந்தப் பகுதியையே ரத்து செய்வது நடத்துபவர்கள் கடமை. தோட்டத்து லய வீடுகளின் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கையை விடாதீர்கள்.