சினிமா படிக்கப் போகிறவர்கள் கேட்டவை

கேள்வி: எனக்குப் படம் இயக்க ஆசை. சில பல்கலைக்கழகங்களில் ‘திரைப்படத் தயாரிப்பு’ என்று படிப்பு இருக்கிறது, சிலவற்றில் ‘திரைப்பட ஆய்வு’. இரண்டாவதில் சேர்ந்தால் காலம் வீண்தானே?

பதில்: வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் தெரிந்து சேர வேண்டும். ஆய்வுப் படிப்பில் வரலாறு, அழகியல், விமர்சனம் என்றே போகும். கேமராவைத் தொடாமலே பட்டம் வாங்கிவிடலாம். தயாரிப்புப் படிப்பில் ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு, திரைக்கதை எல்லாம் கையால் செய்து பழகுவீர்கள். இரண்டையும் கலந்து தரும் இடங்களும் உண்டு. படிப்பின் பெயரை நம்பாமல், பருவவாரியான பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள்.

கோட்பாட்டுக்கும் படம் எடுப்பதற்கும் நடுவே சுவர் எழுப்பியது பின்னால் வந்த நிர்வாக வசதி என்பதே என் எண்ணம். தொடக்கத்தில் அப்படி இல்லை. 1919-ல் மாஸ்கோவில் உலகின் முதல் திரைப்படப் பள்ளி தொடங்கியபோது பிலிம் சுருளுக்கே தட்டுப்பாடு. அங்கே கற்பித்த லெவ் குலெஷோவ், பிலிமே இல்லாமல் மாணவர்களைப் ‘படம்’ எடுக்க வைத்தார். ஷாட் ஷாட்டாகப் பிரித்து மேடையில் நடித்துக் காட்டினார்கள். ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை சூப் கிண்ணம், சவப்பெட்டி, பெண் ஆகிய காட்சிகளோடு மாறி மாறி ஒட்டிக் காட்டியதும், பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டதும் அவர் பெயரில் நிலைத்த சோதனை. இது எடிட்டிங் பாடமா, கோட்பாட்டுப் பாடமா? பிரான்சில் 1951-ல் தொடங்கிய ‘கையே து சினிமா’ இதழில் விமர்சனம் எழுதிய த்ரூஃபோ, கோதார், ரோமர், ரிவெத், சாப்ரோல் எல்லோருமே பிறகு இயக்குநர்கள் ஆனார்கள்.

சேரும் முன் சீனியர்களிடம் நான்கு விஷயம் விசாரியுங்கள். படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவர் எத்தனை படங்களை முழுதாக முடிக்கிறார்? இறுதிப் படத்தை இயக்கும் வாய்ப்பு எல்லோருக்குமா, தேர்வானவர்களுக்கு மட்டுமா? கருவிகளை வார இறுதியில் வெளியே எடுத்துப் போக விடுவார்களா? நீங்கள் எடுத்த படத்தின் உரிமை உங்களிடம் இருக்குமா, கல்வி நிறுவனத்திடமா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. விழாவுக்கு அனுப்பும்போதுதான் அதன் அருமை தெரியும்.

கேள்வி: விண்ணப்பத்தோடு ஒரு குறும்படம் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது செல்போன் மட்டும். நல்ல கேமரா வாங்கிவிட்டு அடுத்த வருடம் முயலவா?

பதில்: வேண்டாம், செல்போனிலேயே எடுத்து அனுப்புங்கள். தேர்வுக்குழு தேடுவது படத் துல்லியத்தை அல்ல. எதைக் காட்டுவது, எதை மறைப்பது, எப்போது வெட்டுவது என்று நீங்கள் எடுத்த முடிவுகளைத்தான் பார்ப்பார்கள். ஐந்து நிமிடம் கேட்டால் மூன்று நிமிடத்தில் முடியுங்கள். ட்ரோன் காட்சியும் மெதுவாக நடக்கும் கதாநாயகனும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: முதல் குழுப்படத்தில் எல்லோருக்கும் ஒரு வேலை கிடைத்தது, எனக்கு ஒலிப்பதிவு. இயக்க வந்தவனை நீளக் கோலில் மாட்டிய பூம் மைக் பிடிக்க விட்டுவிட்டார்கள். மனசே இல்லை.

பதில்: கொடுத்து வைத்தவர் நீங்கள். மாணவர் படங்கள் பெரும்பாலும் தோற்பது ஒலியில்தான். படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், வசனம் புரியவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்.

படப்பிடிப்புக்கு முதல் நாள் அந்த அறையில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். மின்விசிறி, பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம் எல்லாம் அப்போதுதான் காதில் விழும். குளிர்சாதனப் பெட்டியை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் போட்டு வையுங்கள். திரும்பப் போட்டுவிடாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம் இது. வசனம் மீட்டரில் மைனஸ் 20-க்கும் மைனஸ் 12 டெசிபலுக்கும் நடுவே நிற்கட்டும். நடிகர் கத்தும்போது ஒலி உடையாமல் ஏற மீட்டரில் மேலே இடம் வேண்டும்.

காட்சி முடிந்ததும் யாரும் கலையாமல் அறையின் வெறும் சத்தத்தை 30 முதல் 60 வினாடி பதிவு செய்யுங்கள். ‘ரூம் டோன்’ என்று கேட்டால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள், விடாதீர்கள். இரண்டு டேக்குகளை ஒட்டும்போது வசனங்களுக்கு நடுவே விழும் பள்ளத்தை நிரப்புவது அதுதான். முழு மௌனத்தை வைத்தால் ஸ்பீக்கர் செத்துவிட்டதோ என்று தோன்றும். ஆட்கள் போனபின் எடுத்தால் பொருந்தாது. மனித உடம்புகளும் ஒலியை உறிஞ்சுகின்றன. தனித்தனியே பதிவாகும் படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்த உதவும் கிளாப் பலகையையும் அசட்டையாக விடாதீர்கள். வினாடிக்கு 24 பிரேம் என்றால் ஒரு பிரேம் ஏறத்தாழ 42 மில்லிவினாடி. சில பிரேம் தள்ளிப்போனாலே உதடும் குரலும் பிரிந்து நிற்பது தெரிந்துவிடும்.

இயக்குநர் நாற்காலி அடுத்த பருவத்தில் வரும். நடிகர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று ஹெட்போனில் கேட்டுப் பழகியவருக்கு எங்கே வெட்டுவது என்பதும் தெரிந்திருக்கும்.

கேள்வி: இரண்டு பேர் பேசும் காட்சியில் 180 டிகிரி கோட்டைத் தாண்டிவிட்டோம். மறுபடி எடுக்க நாளில்லை. எடிட்டில் காப்பாற்ற முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். பேசும் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோடு அது. கேமரா அதன் ஒரே பக்கம் நின்றால்தான் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதுபோல் இருக்கும். கோட்டின் மீதே நின்று எடுத்த ஷாட்டையோ, கை, தேநீர்க் குவளை போன்ற ஒரு க்ளோசப்பையோ நடுவில் செருகுங்கள். ஒருவர் எழுந்து இடம் மாறும் ஷாட் இருந்தால் கோடே புதிதாகிவிடும். எதுவும் இல்லையென்றால், உணர்ச்சி உச்சத்தில் இருக்கும் இடத்தில் துணிந்து வெட்டுங்கள். படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், ஒரு வெட்டு எதையெல்லாம் காக்க வேண்டும் என்று போட்ட பட்டியலில் உணர்ச்சிக்கு 51 விழுக்காடு, யார் எங்கே இருக்கிறார் என்ற முப்பரிமாண இடத் தொடர்ச்சிக்கு 4 விழுக்காடுதான்.

கேள்வி: ஆய்வுப் படிப்பில் கட்டுரை எழுதினால் ‘கதைச் சுருக்கம் எழுதியிருக்கிறாய்’ என்று திருப்பித் தருகிறார்கள். வேறு எப்படி எழுதுவது?

பதில்: முழுப் படத்தையும் விடுங்கள். மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து ஷாட்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை வினாடி, கேமரா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அசைகிறதா, யார் பார்வையில் இருக்கிறது, என்ன ஒலி என்று அட்டவணை போடுங்கள். மொத்த வினாடிகளை ஷாட் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி ஷாட் நீளம். 180 வினாடியில் 30 ஷாட் என்றால் 6 வினாடி. இப்போது சராசரியை மீறி நிற்கும் ஷாட்டைத் தேடுங்கள். 40 வினாடி வெட்டாமல் ஓடும் ஒரு ஷாட் இருந்தால், அங்கே ஏன் வெட்டவில்லை என்பதே உங்கள் கட்டுரை. கதையை இரண்டு வரியில் சொன்னால் போதும்.

கோட்பாட்டாளர்களை இதற்குப் பிறகு கொண்டு வாருங்கள். பெண்ணைப் பார்க்கும் கேமராவின் பார்வை ஆண் பார்வையாக இருக்கிறது என்று லாரா மல்வி 1975-ல் எழுதியதை எல்லா மாணவர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள். உங்கள் அட்டவணையில் யாரை யார் எத்தனை வினாடி பார்க்கிறார்கள் என்று காட்டிவிட்டு அவரைக் கூப்பிட்டால் வாதம் நிற்கும். அவரை மறுப்பதாக இருந்தாலும் அப்படித்தான்.

கேள்வி: மாணவர் படம்தானே, பிரபலமான பாட்டு ஒன்றைப் பின்னணியில் வைக்கலாமா?

பதில்: வகுப்பில் மட்டும் திரையிடுவதை அனுமதிக்கும் நாடுகள் உண்டு, விழாவுக்கோ இணையத்துக்கோ போனால் கதை வேறு. பாடலாகிய படைப்புக்கு ஒரு உரிமை, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு இன்னொரு உரிமை, இரண்டுக்கும் தனித்தனியே அனுமதி வேண்டும். இசை படிக்கும் மாணவர் யாரையாவது பிடித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பயன்படுத்தும் உரிமையைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள், நண்பராக இருந்தாலும்.