கார்பன் நானோ துகள்கள் ரத்தப் புற்றுநோய் மருந்தை எப்படிக் கொண்டுசேர்க்கின்றன?

நானோ துகள் என்றால் நானோமீட்டரில், அதாவது மீட்டரின் 100 கோடியில் ஒரு பங்கில் அளக்கும் பொடி. தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர், பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இது எதற்கு? ரத்தப் புற்றுநோயில் வெட்டி எடுக்கக் கட்டி என்று பெரும்பாலும் எதுவும் இருக்காது, கெட்ட செல்கள் ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் பரவிக் கிடக்கும், அதனால் மருந்தை உடம்பு முழுக்கச் செலுத்த வேண்டியிருக்கிறது. கொசுவுக்காக வீடெல்லாம் புகை போடுகிற கதைதான்: கொசு சாகும், வீட்டில் இருப்பவர்களும் இருமுவார்கள். டாக்ஸோரூபிசின் மாதிரி மருந்து இதயத்தையே பாதிக்கக்கூடும்.

கிராஃபீன் போன்ற கார்பன் துகளின் பரப்பில் அணுக்கள் தட்டையான வளையங்களாக இருக்கும். டாக்ஸோரூபிசினிலும் அதே மாதிரி வளையங்கள் உண்டு, ஆகவே இரண்டும் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். புற்றுச்செல்லை அடையாளம் காணும் ஆன்டிபாடி என்ற புரதத்தையும் மேலே பொருத்துவார்கள். செல் துகளை உள்ளே இழுத்ததும் அங்குள்ள அமிலத்தன்மையில் பிடி தளர்ந்து மருந்து பிரியும், சாமர்த்தியமே இதில்தான். அப்புறம் துகளை வெளியேற்றுவதுதான் தலைவலி. சில வகைகள் கல்லீரலில் தங்கிவிடும்.

கார்பனே புற்றுநோயைக் கொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த முறையில் கொல்வது மருந்து, கார்பன் அதைச் சுமக்கிறது, அவ்வளவுதான், அதுவும் பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவில். 2017-இல் அமெரிக்காவில் ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற நானோ மருந்தின் உறைகூடக் கொழுப்பால் ஆனது, கார்பன் துகள் அல்ல.