துரத்தினால் வடை கருகிடுமே!

நான்கு வயதுப் பிள்ளைக்கு யோசிக்கும் திறன் வளர என்ன பொம்மை, என்ன ஆப் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் வாங்க வேண்டாம். கதை சொல்லுங்கள், பாதியில் நிறுத்துங்கள், அப்புறம் வாயைத் திறக்காமல் இருங்கள். இந்தக் கடைசி வேலைதான் கஷ்டம், எனக்கு அது பழக ஒரு வருடம் ஆனது.

பாட்டி வடை சுட்ட கதைதான். காக்கா வடையைத் தூக்கிக்கொண்டு பறந்த இடத்தில் நிறுத்தி, "இப்போ பாட்டி என்ன செய்வாங்க?" என்றேன். மகள் ரொம்ப நேரம் பேசவில்லை. பதிலை எடுத்துக் கொடுக்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு சொன்னாள்: "துரத்தக் கூடாதும்மா, அடுப்புல இருக்கிற வடை கருகிடும்." தினமும் சமையலறை வாசலில் உட்கார்ந்து பார்த்ததைக் கதைக்குள் கொண்டுவந்து, ஒன்றைப் பிடிக்கப் போனால் இன்னொன்று கெடும் என்று அவளே கண்டுபிடித்திருக்கிறாள்! "சரி, அப்போ காக்காவை விட்டுடலாமா?" என்று கேட்டேன், கதை இன்னும் இரண்டு நாள் ஓடியது.

பாவனை விளையாட்டும் அப்படித்தான். நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் பஸ், கிழித்த காலண்டர் தாள்தான் டிக்கெட். "பாட்டிக்கு ஃப்ரீ டிக்கெட். தாத்தா, நீங்க காசு குடுங்க" என்பாள். தமிழ்நாட்டு அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே, அதைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். தாத்தா "நானும் வயசானவன்தானே" என்று வாதாட, "வயசுக்கு இல்ல தாத்தா, பொம்பளைங்களுக்கு" என்றாள். எது காரணம், எது காரணம் இல்லை என்று பிரித்துவிட்டாள். பாவனை விளையாட்டு எல்லாவற்றிலும் விதிகள் ஒளிந்திருக்கின்றன, விளையாடும்போது குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933-லேயே சொன்னார். அதை நான் எங்கள் கூடத்திலேயே பார்த்தேன்.

ஒரு தவறும் செய்தேன். ஒருநாள் நடுவில் புகுந்து, "பத்து ரூபாயில ஆறு போனா மீதி எவ்வளவு, சொல்லு" என்று பாடம் எடுத்தேன். விசிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். இப்போதும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இப்போது பயணியாக மட்டும்தான் ஏறுகிறேன், கூடவே ஒரு பிரச்சனையைக் கொண்டுபோகிறேன். நேற்று "கண்டக்டர், என் ஸ்டாப் தாண்டிடுச்சே" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுவிட்டு, "பஸ் திரும்பிடுச்சு, ஏறுங்க" என்றாள்.