லூமியாவுக்கு ஏன் ஆப் வரல? – கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

காலேஜ்ல லூமியா 520 வெச்சிருந்தேன், மைக்ரோசாஃப்ட்டோட விண்டோஸ் போன் சிஸ்டம் ஓடுன நோக்கியா போன். அந்த விலைக்கு அவ்ளோ ஸ்மூத்தா ஓடுன போன நான் இன்னிக்கு வரைக்கும் பார்க்கல. இப்ப நானே மொபைல் ஆப் எழுதற வேலையில இருக்கேன். டீம்ல விண்டோஸ் போன் பேச்சு வந்தா எல்லாரும் "ஆப் இல்ல, அதான் செத்துச்சு"ன்னு ஒரே வரில முடிச்சிடறாங்க. என் கேள்வி என்னன்னா, ஏன் ஆப் வரல? மைக்ரோசாஃப்ட் கிட்ட இல்லாத காசா? விண்டோஸுக்கு உலகமே எழுதுது, அதே கம்பெனி போனுக்கு மட்டும் எழுத ஏன் ஆள் இல்ல? பழைய ஆப் ஓடாதபடி சிஸ்டத்தை மாத்தி பழசை உடைக்கிறதுன்னா ஆப்பிளும்தான் உடைக்கிறான், அவனை விட்டு யாரும் போகலையே?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்.)

தம்பி,

கடைசியா கேட்டீங்க பாருங்க, அதுலதான் விஷயமே இருக்கு. ஆனா காசுல இருந்து ஆரம்பிப்போம்.

காசு நல்லாவே குடுத்தாங்க. 2013-ல அமெரிக்காவுல ஒரு ஆப் போட்டா 100 டாலர், போன் ஸ்டோர்ல பத்து, விண்டோஸ் ஸ்டோர்ல பத்துன்னு மொத்தம் 2000 டாலர் வரைக்கும் வாங்கிக்கலாம்னு ஒரு ஸ்கீம் விட்டாங்க. பெரிய கம்பெனிகளுக்குத் தனியா பேசி குடுத்தாங்க, சிலருக்கு ஆப்பை இவங்களே எழுதியும் குடுத்தாங்க, இத நான் சொல்லல, 2017 அக்டோபர்ல மைக்ரோசாஃப்ட்டோட விண்டோஸ் அதிகாரி ஜோ பெல்ஃபியோரே ட்விட்டர்ல ஒத்துக்கிட்டார், இவ்ளோ செஞ்சும் ஆள் எண்ணிக்கை கம்மியா இருந்ததால யாரும் முதலீடு பண்ண வரலன்னு. பிளாக்பெர்ரியும் அதே காலத்துல, ஆப் முதல் வருஷம் 1000 டாலராவது சம்பாதிச்சா மீதியை நாங்க போட்டு 10,000 ஆக்கித் தர்றோம்னு சொல்லிப் பார்த்துச்சு. புது காம்ப்ளக்ஸ்ல முதல் மாச வாடகை வேண்டாம்னா கடை திறக்க ஆள் வரும், ஆனா கூட்டம் இல்லைன்னா ரெண்டாவது மாசம் ஷட்டர இறக்கிட்டுப் போயிடுவான். ஆப்பும் அப்படித்தான். போடறதுக்குக் காசு வாங்கிடுவாங்க, அதுக்கப்புறம் வர்ற அப்டேட், பக் ஃபிக்ஸுக்கு யார் காசு குடுக்கறது? வெர்ஷன் ஒண்ணோட நின்னு போன ஆப் அந்த ஸ்டோர்ல எவ்ளோ கெடந்துச்சுன்னு 520 வெச்சிருந்த உங்களுக்கு நான் சொல்லணுமா.

சரி, காசே வாங்காம ஆசையா வந்து எழுதுனவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க, எனக்கு கோபம் வர்ற இடம் இதுதான். விண்டோஸ் போன் 7 வந்தது 2010 கடைசில. அதுக்கு சி ஷார்ப் மொழில, சில்வர்லைட்ங்கற மைக்ரோசாஃப்ட் டூல்கிட்ல எழுதணும், கேம்னா எக்ஸ்என்ஏன்னு இன்னொண்ணு. மைக்ரோசாஃப்ட்டோட கோட் எழுதற சாஃப்ட்வேர் விஷுவல் ஸ்டூடியோ பழகுனவங்களுக்கு அது சொர்க்கம், டூல்ஸ் விஷயத்துல அன்னிக்கு ஆண்ட்ராய்ட் கிட்டவே வர முடியாது. ஆனா போன் வெளிவந்த அதே அக்டோபர்ல கம்பெனியோட பெரிய அதிகாரி பாப் முக்லியா, சில்வர்லைட் விஷயத்துல எங்க போக்கு மாறிடுச்சு, எல்லா இடத்துலயும் ஓடணும்னா இனி வெப் பக்கம் எழுதற எச்டிஎம்எல்தான், சில்வர்லைட்டு போனுக்குன்னு பேட்டி குடுத்துட்டார். ராத்திரி முழிச்சு சில்வர்லைட் கத்துக்கிட்டு இருந்தவன் அதைப் படிச்சா என்ன நினைப்பான்?

அடுத்து 2012. ஏப்ரல்ல அமெரிக்காவுல பெரிய விளம்பரத்தோட லூமியா 900 வந்துச்சு. ஜூன்ல மேடையேறி, விண்டோஸ் போன் 8 வருது, உள்ளுக்குள்ள சிஸ்டத்தோட மையமான கெர்னலே வேற, இப்ப கையில இருக்கிற எந்த போனுக்கும் அது கிடைக்காதுன்னுட்டாங்க. பழைய ஆப் புது போன்ல ஓடும், அது வரைக்கும் சந்தோஷம், ஆனா 8-ல இருக்கிற புதுசை வெச்சு எழுதுனா 7 வெச்சிருக்கிறவனுக்கு ஓடாது, அதாவது உங்களுக்குன்னு இருந்த கொஞ்சூண்டு கஸ்டமரையும் ரெண்டா பிரிச்சுட்டாங்க. எக்ஸ்என்ஏ அங்கயே தேங்கிடுச்சு. இதோட நிக்கல, 8-க்கு எழுதணும்னா 64 பிட் விண்டோஸ் 8 வேணும், ஆப்பைச் சோதிக்க கம்ப்யூட்டர்லயே போன் மாதிரி ஓடற எமுலேட்டர் வேணும்னா அது ப்ரோ எடிஷனா இருக்கணும், கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டற ஹைப்பர்-வி ஓடணும், அதுக்கு ப்ராசஸர்ல ஸ்லாட் (SLAT)னு ஒரு வசதி இருக்கணும். பழைய கோர் 2 டுவோ ப்ராசஸர்ல அது கிடையாது. பழைய லேப்டாப்ல விண்டோஸ் 7 போட்டு எழுதிட்டு இருந்த பையன் புது லேப்டாப் வாங்கணும், எதுக்கு, உலகத்துல நூத்துல மூணு நாலு பேர் வெச்சிருக்கிற போனுக்கு.

அப்புறம் 2014-ல 8.1, ஆப் எழுத வின்ஆர்டி, யுனிவர்சல் ஆப்னு புது முறை, திரும்ப எழுதுங்க. 2015-ல விண்டோஸ் 10, யுடபிள்யூபின்னு வேற முறை, இன்னொரு தடவை. அந்த 10 உங்க 520-க்கு வரவே இல்ல, ரேம் பத்தாது.

இத்தனைக்கும் பழைய ஆப்பை ஓட விடறதோட அருமை தெரியாத கம்பெனி இல்ல அது. விண்டோஸ் 95 எழுதும்போது சிம்சிட்டி கேம் கிராஷ் ஆச்சு. தோண்டிப் பார்த்தா தப்பு கேம்ல. வேண்டாம்னு விடுவிச்ச மெமரியை அடுத்த நொடியே திரும்பப் படிக்குது, பழைய விண்டோஸ்ல அந்த மெமரி அப்படியே இருந்ததால யாருக்கும் தெரியல. நாமளா இருந்தா உங்க பக், நீங்க பாருங்கன்னு டிக்கெட்ட மூடியிருப்போம். அவங்க என்ன பண்ணாங்கன்னா, ஓடறது சிம்சிட்டியான்னு பார்த்து, ஆமான்னா மெமரியை உடனே எடுத்துக்காதேன்னு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளயே எழுதி வெச்சாங்க. விண்டோஸுக்கு உலகமே எழுதுதுன்னு கேட்டீங்களே, நேத்து எழுதுனது நாளைக்கும் ஓடும்ங்கற அந்த நம்பிக்கையிலதான் எழுதுச்சு. போன் டீம் அந்த நம்பிக்கையை அஞ்சு வருஷத்துல கரைச்சுட்டாங்க.

இப்ப ஆப்பிள். 1997-ல அவன் திவாலாகற நிலைமைல இருந்தான். நெக்ஸ்ட்ங்கற கம்பெனியை வாங்கி, ராப்சோடின்னு புது சிஸ்டம் காமிச்சு, எல்லாரும் புது முறையில திருப்பி எழுதுங்கன்னான். அடோபியும் மைக்ரோசாஃப்ட்டும் முடியாதுன்னுட்டாங்க. ஃபோட்டோஷாப் வராத மேக்கை யார் வாங்குவா? வேற வழியில்லாம 1998-ல கார்பன்னு ஒண்ணு கொண்டு வந்தான், பழைய கோடைக் கொஞ்சம் திருத்துனாப் போதும், புது சிஸ்டத்துல ஓடும். அதே ஆப்பிள் 2007-ல, ஐபோன் வர்ற நேரம், நிறைய மெமரியைப் பயன்படுத்தற 64 பிட் ஆப்புக்கு கார்பன் கிடையாதுன்னு கைவிரிச்சான். அடோபி மாட்டிக்கிச்சு, 2008-ல வந்த சிஎஸ்4 ஃபோட்டோஷாப் 64 பிட்டா வந்தது விண்டோஸுக்கு மட்டும்தான், மேக்குக்கு 2010-ல சிஎஸ்5 வரைக்கும் ஆச்சு. ஆனா இந்தத் தடவை முடியாதுன்னு சொல்லல, உக்காந்து ஆப்பிளோட புது முறையான கோக்கோவுக்கு மாத்தி எழுதுனாங்க, ஏன்னா காசு குடுத்து வாங்கற டிசைனர் கூட்டம் அந்தப் பக்கம் இருந்துச்சு. மைக்ரோசாஃப்ட் போன்ல 1997 ஆப்பிள் நிலைமைல நின்னுக்கிட்டு 2007 ஆப்பிள் மாதிரி அதிகாரம் பண்ணுச்சு.

கூகுள் யூடியூப் ஆப் தராம கழுத்தறுத்துச்சுன்னு சொல்லுவாங்க. 2013-ல மைக்ரோசாஃப்ட் தானே எழுதுன யூடியூப் ஆப்பை கூகுள் பிளாக் பண்ணது நிஜம்தான். ஆனா பேங்க் ஆப், ஆட்டோ புக் பண்ற ஆப்பெல்லாம் வராததுக்கு கூகுளா காரணம்?

ஆண்ட்ராய்ட் ஆப்பையே அப்படியே ஓட வெச்சிருக்கலாமேன்னு அடுத்து கேப்பீங்க. அதுவும் பண்ணாங்க, 2015 ஏப்ரல்ல அஸ்டோரியான்னு அறிவிச்சாங்க. ஐபிஎம் 1992-லயே அந்தப் பாடத்தை படிச்சிருக்கு, அவங்களோட ஓஎஸ்/2 ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல விண்டோஸ் ப்ரோக்ராம் நல்லா ஓடுச்சு, அப்புறம் ஓஎஸ்/2-க்குன்னு தனியா எழுதறவனுக்கு என்ன கிறுக்கா? இங்கயும் அதே கதைதான், ஆண்ட்ராய்ட் ஆப்பே ஓடப் போகுதுன்னா யுடபிள்யூபி எதுக்குன்னு மிச்சமிருந்த கொஞ்ச பேரும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்தாங்க. 2016 பிப்ரவரில அஸ்டோரியாவையும் மூடிட்டாங்க.