கயோட்டிக்கும் பிரெய்ரி நாய்க்கும் ஒரே தோட்டா போதுமா?

கேள்வி: வயோமிங்கில் மேய்ச்சல் நிலம் வைத்திருக்கிறோம். .223 ரெமிங்டன் தோட்டா போடும் போல்ட் ரைஃபிள் (கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை). குழலில் 1:9 என்று பொறித்திருக்கிறது. பிரெய்ரி நாய், கயோட்டி இரண்டுக்கும் எந்தத் தோட்டா வாங்குவது? கயோட்டித் தோலை விற்பதால் பெரிய ஓட்டை விழக்கூடாது.

பதில்: இரண்டு வகை வாங்குங்கள். பிரெய்ரி நாய் ஒரு கிலோ சுமாருக்குள்ள அணில் இனம். கயோட்டி ஓநாய்க்கு உறவான காட்டு விலங்கு, பத்து கிலோவுக்கும் மேல் வரும். முன்னதற்கு 40 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு), மெல்லிய உறை, பிளாஸ்டிக் முனைக் குண்டு சரி. பட்டதும் நொறுங்கிவிடுவதால் காய்ந்த தரையில் தெறித்து எகிறும் ஆபத்து குறைவு.

அதே குண்டு கயோட்டியின் தோள் எலும்பில் பட்டால் மேலேயே சிதறும். தோலில் பள்ளம் விழும், விலங்கும் காயத்தோடு ஓடிவிடும். 53 அல்லது 55 கிரெயின் பிளாஸ்டிக் முனைக் குண்டை எடுத்து, பக்கவாட்டில் நிற்கும்போது தோளுக்குச் சற்றுப் பின்னால் விலா எலும்புகளுக்கிடையே சுடுங்கள். பெரும்பாலும் உள்ளேயே உடைந்து தங்கும்; மறுபக்கம் கிழியாது. சாஃப்ட் பாயிண்ட், அதாவது முனையில் ஈயம் வெளியே தெரியும் குண்டு, இன்னும் ஆழம் போகும், ஆனால் வெளியேறும் ஓட்டை பெரிது. தோலுக்கு நல்லது என்று முழு உறைக் குண்டை (முனையும் உலோக உறையால் மூடியது) சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். விரியாமல் துளைத்துப் போய்விடும். விலங்கு வெகுதூரம் ஓடும், குண்டும் எங்கோ போய் விழும்.

1:9 என்றால் 9 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுழற்சி. 40 முதல் ஏறக்குறைய 69 கிரெயின் வரை தாங்கும். பழைய 1:12 குழலில் 55-ஐத் தாண்டினால் குண்டு தள்ளாடும். அதே எடையில் செம்புக் குண்டு ஈயக் குண்டைவிட நீளமானது என்பதால் அந்தக் குழலில் 55 கிரெயினே தகராறு பண்ணலாம். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. அங்கே போனால் இதைக் கவனியுங்கள். 5.56 நேட்டோ என்ற ராணுவத் தோட்டா உங்கள் துப்பாக்கியில் நுழையும், ஆனால் .223 அறையில் (தோட்டா உட்காரும் இடம்) அழுத்தம் எகிறும். மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மூன்று பிராண்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 100 கெஜத்தில் ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். நடுவே குழல் ஆறட்டும். ஐந்தும் ஒரு அங்குலத்துக்குள் விழும் தோட்டாவைத்தான் பிரெய்ரி நாய்க்கு நம்பலாம். 55 கிரெயின் குண்டு 200 கெஜத்தில் குறியில் படும்படி துப்பாக்கியைச் சரிசெய்தால் 100-இல் ஒன்றரை அங்குலம் மேலேயும், 300-இல் ஏழெட்டு அங்குலம் கீழேயும் விழும். அதைவிடக் காற்றுதான் தொல்லை: மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 300 கெஜத்தில் குண்டைப் பத்து அங்குலம் போலத் தள்ளிவிடும். பிடித்துப்போன தோட்டாவை அதே லாட் எண்ணில் (ஒரே தொகுப்பாகத் தயாரானதைக் காட்டும் பெட்டி எண்) சேர்த்து வாங்கிவிடுங்கள்; லாட் மாறினால் மறுபடி சோதிக்க வேண்டிவரும்.