பழைய டிராக்டர் என்ன விலைக்குப் போகும்?

கேள்வி: இருபது வருடம் ஓட்டிய டிராக்டரை விற்கப் போகிறேன். வந்து பார்த்த இரண்டு பேர் கேட்ட விலைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நானே எப்படிக் கணக்குப் போடுவது? அதற்குமுன் இன்ஜின் வேலை பார்த்து, பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும் செலவு விலையில் முழுசாகத் திரும்பி வராது. புதுப் பெயின்டைப் பார்த்தால் வாங்குபவருக்குச் சந்தேகம்தான் வரும். சுத்தமாகக் கழுவி வையுங்கள், போதும்.

அதே மாடல், அதே வருட வண்டிகள் மூன்று நான்கு சமீபத்தில் என்ன விலைக்குக் கைமாறின என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. பேரம் முடிந்த விலைதான் உங்களுக்கு வேண்டும். அதிலிருந்து, வாங்குகிறவர் முதல் வருடமே செய்தாக வேண்டிய செலவைக் கழியுங்கள். வயதைவிட இந்தக் கழிவுதான் பழைய வண்டியின் விலையைத் தீர்மானிக்கிறது.

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். வெள்ளைப் புகை வந்து, சூடானதும் நின்றுவிட்டால் பயமில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குப்குப்பென்று புகை தள்ளினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், லைனர் தேய்ந்திருக்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அது பெரிய செலவு. அடுத்து, கலப்பையைத் தூக்கி இன்ஜினை நிறுத்துங்கள். கலப்பை சரசரவென்று இறங்கினால் அதைத் தூக்கும் ஹைட்ராலிக்கில் கசிவு. தூக்கிய கலப்பைக்கு அடியில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

பின் டயர்தான் பலர் கோட்டைவிடும் இடம். ஒரு ஜோடி மாற்றினாலே வண்டி விலையில் பெரும் பங்கு போய்விடும். டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளான பட்டன்களின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, புது டயரோடு ஒப்பிடுங்கள். பக்கவாட்டில் வெடிப்பு ஓடியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயருக்கு விலை போடாதீர்கள்.

இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டரை மட்டும் நம்பிப் பேசாதீர்கள். கேபிளில் ஓடும் பழைய மீட்டர், இன்ஜின் குறிப்பிட்ட வேகத்தில் சுற்றினால்தான் சரியான நேரம் காட்டும்; மெதுவாக ஓடினால் குறைத்துக் காட்டும், கேபிள் அறுந்தால் நின்றேவிடும். நான் பார்த்த ஒரு வண்டியில் மீட்டர் 3,000 மணி என்றது, கிளட்ச் பெடலோ வரி அழிந்து வழவழவென்று மின்னியது. பெடலைத்தான் நம்பினேன். சர்வீஸ் ரசீதுகள் இருந்தால் தேடி எடுங்கள், மீட்டரைவிட அவற்றுக்கு மதிப்பு அதிகம்.

குறைகளுக்கெல்லாம் ஆகும் செலவை மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, வாங்க வருபவரிடம் அந்தத் தாளையே காட்டுங்கள். ஏற்கெனவே கழித்த குறைக்கு அவர் மறுபடி விலை குறைக்க முடியாது. கலப்பைக்கும் ரோட்டவேட்டருக்கும் தனி விலை சொல்லுங்கள். அவர் வரும் நாளில் வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்காதீர்கள்; விவரம் தெரிந்தவர் முதலில் இன்ஜின்மேல்தான் கை வைத்துப் பார்ப்பார்.