காவலர் அணியும் கேமராவுக்கு அமெரிக்க அரசு தரும் மானியம் என்றால் என்ன?

காவலர்கள் சட்டையில் அணியும் கேமராக்களை வாங்கவும் பயன்படுத்தவும் உள்ளூர்க் காவல் துறைகளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி அரசு அளிக்கும், திருப்பிச் செலுத்த வேண்டாத நிதியே இந்த மானியம். 2014-இல் ஃபெர்குசன் நகரில் காவலர் ஒருவர் இளைஞரைச் சுட்டுக் கொன்றபோது, நடந்ததைக் காட்டும் காணொளி இல்லாததால் எழுந்த சர்ச்சையைத் தொடர்ந்து, 2015-இல் கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகம் 73 காவல் அமைப்புகளுக்கு 2.3 கோடி டாலருக்கு மேல் வழங்கியது. அதைப் பெற்ற துறைகள் தம் பங்குத் தொகையையும் போட வேண்டியிருந்தது. கேமராவை எப்போது இயக்குவது, பதிவை யார் பார்ப்பது என்ற விதிமுறைகளையும் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது (கேமராவைவிட இந்த நிபந்தனையே முக்கியம் என்பேன்). யானை இலவசமாகக் கிடைத்தாலும் தீனி நாம்தான் போட வேண்டும்; இங்கே தீனி என்பது நாள்தோறும் குவியும் காணொளிகளைச் சேமிக்கும் செலவு. மானியம் பெற்றால் பதிவுகள் வாஷிங்டனுக்குப் போய்விடும் என்று பலர் நினைப்பது தவறு; அவை உள்ளூர்க் காவல் துறையின் வசமே இருக்கும்.